செவலைக்கு ஒரு குளம்: மேலூர்க் கொத்தனார் வேலை, மூணு வருசம் கழிச்சு

மீன் குளம் கட்டுற அந்தக் கொத்தனார் முதல் தடவை என் வீட்டுக்கு வந்தப்ப இடத்தைப் பார்க்கல. செலவு எவ்வளவு பண்ணப் போறீகன்னும் கேட்கல. "மீனைக் காட்டுங்க தம்பி"ன்னார். வீட்டுக்குப் பின்னாடி 2000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. அதுக்குள்ள குனிஞ்சு கால் மணி நேரம் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் இடுப்புல இருந்த டேப்பை எடுத்து நீட்டி, மீன் விளிம்போரமா வர்ற வரைக்கும் காத்திருந்து அளந்தார். 19 அங்குலம்.

"இது இன்னும் ஒரு மடங்குக்கு மேல வளரும். எத்தனை வருசம் வச்சிருக்கப் போறீக?"

எனக்கு அப்ப வயசு 46. யோசிச்சுப் பார்த்துட்டு, "அது இருக்கிற வரைக்கும் வச்சிருப்பேன்ணே"ன்னேன். "அப்ப உக்காந்து பேசலாம்"ன்னு திண்ணைக்கு வந்தார்.

மேலூர்ப் பக்கத்துக் கொத்தனார், வயசு அறுபதுக்கு மேல, கூட அஞ்சு ஆள். அவர் கட்டிக் கொடுத்த குளத்தைப் பத்தித்தான் எழுதுறேன். 2022ல கட்டினது, மூணு கோடை, மூணு மழைக்காலம் பார்த்தாச்சு. கட்டின மறுநாளே பாராட்டி எழுதியிருக்கலாம். தண்ணி நிக்கிற தொட்டியைப் பத்தி ஒரு வருசமாவது போகாம ஒண்ணும் சொல்லக் கூடாதுங்கிறது எனக்குப் பட்டுத் தெரிஞ்ச விசயம். அந்தக் கதையையும் சொல்றேன்.

மீன் ரெட் டெயில் கேட்ஃபிஷ். வாலு செவப்பா இருக்கிறதால என் மக வச்ச பேரு செவலை. 2020 அக்டோபர்ல, ஸ்கூல் எல்லாம் மூடிக் கெடந்த நேரத்துல, பொழுது போகாம இருந்த புள்ளைக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். 3 அங்குலம், 350 ரூபா. வெள்ளை வயிறு, கறுப்பு முதுகு, ஆரஞ்சு வாலு, நீள மீசை. பார்த்தா யாருக்கும் வாங்கத் தோணும். கடையில ஒருத்தரும் இது அமேசான் ஆத்து மீனு, 4 அடி வரைக்கும் வளரும், 40 கிலோவைத் தாண்டும், 15 வருசத்துக்கு மேல உசுரோட இருக்கும்னு சொல்லல. "தொட்டிக்குத் தக்கனதான் வளரும்"னு சொன்னாங்க. இந்த ஒரு பேச்சை நம்பி எத்தனையோ பேர் வீட்டுல இந்த மீனு முதுகு வளைஞ்சு செத்துக்கிட்டு இருக்கு. தொட்டி சின்னதா இருந்தா மீன் நலமா வளராது, அவ்வளவுதான். அது சின்ன மீனா மாறிடாது.

கூட ரெண்டு ஷார்க்கும் வாங்கினேன். கடையில ஷார்க்னு விக்கிறது உண்மையில சுறா கிடையாது. மீகாங் ஆத்துக் கெளுத்தி, பங்காசியஸ். ஓட்டல்ல பாசான்னு முள்ளில்லாத துண்டாப் போடுறாங்களே, அதே மீனு. அதுவும் 4 அடி வரும். கண்ணாடித் தொட்டிக்குள்ள மிரண்டு மிரண்டு மூக்கை இடிச்சுக்கிட்டே இருக்கும்.

பத்து மாசத்துல செவலை 14 அங்குலம் ஆயிடுச்சு. 4 அடித் தொட்டியில திரும்பவே முடியல. அப்பத்தான் முதல் ஆளைக் கூப்பிட்டேன். அவர் யாரு, எந்தக் கம்பெனின்னு சொல்ல விரும்பல. 10 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழம், செங்கல் கட்டு, உள்பூச்சு, மேல நீல பெயின்ட். அஞ்சே நாள்ல முடிச்சுட்டார். "ரெண்டு நாள் தண்ணி கட்டிட்டு மீனை விட்டுடுங்க சார்"ன்னார். நானும் ஷார்க் ரெண்டையும் விட்டேன். காலையில ரெண்டும் மிதந்துச்சு. புது சிமெண்ட்ல இருந்து சுண்ணாம்பு இறங்கும். தண்ணியோட பிஎச், அதான் காரத்தோட அளவு, 10ஐத் தாண்டிப் போகும், மீனோட செவுள் வெந்துடும். இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது மீன் செத்ததுக்கு அப்புறம். பக்கத்து வீட்டு அப்பத்தா வந்து பார்த்துட்டு, "வாழைமரத்தை வெட்டிப் போட்டு ஊற விடணும்யா, சிமெண்ட்டுச் சூடு போகணும்ல"ன்னாங்க. அவங்க சொன்ன மாதிரி வாழைத் துண்டைப் போட்டு, ஒரு மாசம் தண்ணியை மாத்தி மாத்தி நிரப்பிட்டுத்தான் செவலையை விட்டேன்.

திருமங்கலம் பக்கம் எங்க மண்ணு கரிசல். ஈரம் பட்டா ஊதும், காஞ்சா கை நுழையுற அளவுக்குப் பிளக்கும். 2021 நவம்பர் மழையில மண்ணு ஊதி, தைக்கு மேல காய ஆரம்பிச்சு, பிப்ரவரியில ஒருநாள் விடியக்காலம் போய்ப் பார்க்கிறேன், தொட்டியோட தெக்குச் சுவர் மேலயிருந்து கீழ வரைக்கும் விட்டுப் போயிருக்கு. ஒரு அடித் தண்ணியில செவலை வயித்தைத் தரையில போட்டுப் படுத்திருந்துச்சு. மீசை மட்டும் அசையுது. என் மக அழுதது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. கட்டினவருக்குப் போன் போட்டேன். மண்ணு அப்படின்னா நான் என்ன சார் பண்றதுன்னு வச்சுட்டார். மண்ணைப் பார்த்துட்டுத்தான அஸ்திவாரம் போடணும்?

மேலூர்க்காரரை எனக்குக் கூட்டிட்டு வந்தது ஒரு எரிஞ்ச மோட்டார். நான் திருமங்கலத்துல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், 22 வருசமாச்சு. ஒரு நாள் இவர் 1 எச்பி மோனோபிளாக்கைக் கொண்டு வந்து வச்சார். கழட்டினா வைண்டிங் முழுக்கக் கரி. "மீன் குளத்துல மாட்டி ராத்திரி பகலா ஓட்டியிருக்காக தம்பி. நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல"ன்னார். எனக்கு அந்தப் பேச்சே பிடிச்சுப் போச்சு. மேல் தொட்டிக்குத் தண்ணி ஏத்த அரை மணி, ஒரு மணி நேரம் ஓடுறதுக்குன்னு செஞ்ச மோட்டார் அது. 24 மணி நேரம் ஓட்டினா காயில் வார்னிஷ் வெந்து ஒருநாள் ஷார்ட் ஆகத்தான் செய்யும். அப்படி எரிஞ்சு வர்ற மோட்டாருக்குக் காசு வாங்குறவன் நான். இவர் அதைத் தெரிஞ்சு வேண்டாம்னு சொல்ற ஆளா இருக்காரேன்னு என் கதையைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்தார்.

திண்ணையில உக்காந்து அவர் போட்ட கணக்கு இது. இந்த மீனு கடைசியா 4 அடி வரும்னு வச்சுக்கணும். அகலம் அதுக்கு நாலு மடங்கு, 16 அடி. நீளம் அதுல ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைச்சு, 30 அடி. பெரிய மீனு திரும்புறப்ப உடம்பை வில்லா வளைச்சுத் திரும்பும், சுவர் தட்டக் கூடாது. மூலை ஒண்ணும் இருக்கக் கூடாது, நாலும் வளைஞ்சு போகணும். சுவர் 6 அடி, தண்ணி நிக்கிறது ஐந்தரை அடி. பெருக்கிப் பார்த்தா 2640 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், கிட்டத்தட்ட 75 ஆயிரம் லிட்டர். 75 டன் எடை ஒரு இடத்துல உக்காருது. அதனால முதல்ல மண்ணைப் பேசணும், மத்ததெல்லாம் அப்புறம்னார்.

நான் வச்சிருந்த ஆசை வேற. குளத்தைப் பெருசாக் கட்டி, ஓரத்துல ஒரு டிரம்மு ஃபில்டர் வச்சுக்கலாம்னு நினைச்சிருந்தேன். அவர் ஒத்துக்கல. "ஃபில்டருக்கு எடம் ஒதுக்கிட்டு மிச்ச எடத்துலதான் குளம். எடம் பத்தலைன்னா மீனை வேற பெரிய குளம் வச்சிருக்கவுகளுக்குக் குடுத்துடுங்க"ன்னு நேராச் சொன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. ராத்திரி பூரா யோசிச்சேன். மறுநாள் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தையும் சேர்த்துக் கொடுத்துட்டேன். அப்படித்தான் குளத்துக்கு மேற்குப் பக்கம் 16 அடிக்கு 5 அடியில ஃபில்டருக்குன்னு நாலு அறை வந்துச்சு. குளத்துத் தண்ணியில ஏழுல ஒரு பங்கு அந்த அறைகள்ல நிக்குது. இன்னைக்குத் தண்ணி தெளிவா இருக்குன்னா அவர் அன்னைக்கு விட்டுக் கொடுக்காததுதான் காரணம்.

மார்ச்சுல வேலை ஆரம்பிச்சார். தரைக்குக் கீழ 3 அடி, மேல 3 அடி. மேல தூக்கினதுக்கு அவர் சொன்ன காரணம் மூணு: புள்ளைக, நாய் தவறி விழக் கூடாது. மழைத்தண்ணி வழிஞ்சு உள்ள வரக் கூடாது. பக்கத்துக் காடு பருத்தி, மருந்து அடிக்கிறாங்க, அந்தத் தண்ணி ஒரு குடம் வந்தாலும் போச்சு. இந்த மூணாவதை நான் நினைச்சுக்கூடப் பார்க்கல. காட்டைச் சுத்தி ஒரு நடை போய்ட்டு வந்துதான் அவர் சொன்னார்.

3 அடி போதும்கிற பள்ளத்தை 5 அடியாத் தோண்டினார். சுத்தியும் ரெண்டு அடி கூட. அந்தக் கரிசலை எல்லாம் வெளிய அள்ளிட்டு, கிராவல் மண் இறக்கி, முக்கால் முக்கால் அடியா நிரவி, தண்ணி தெளிச்சு, திமிசு போட்டு இடிச்சாங்க. அந்தச் சத்தம் எட்டு நாள் கேட்டுச்சு. பக்கத்துல எல்லாரும் வீடு கட்டுறீகளான்னு கேட்டுட்டுப் போனாக. அதுக்கு மேல கம்பி கட்டி கான்கிரீட் தரை, அரை அடி கனத்துல கான்கிரீட் சுவர். தரை நடுவுல ரெண்டு இடத்துல பள்ளம் விட்டு, அங்கங்க 4 அங்குலக் குழாய். தரை எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிவு. ஒரு வாளித் தண்ணியை மூலையில ஊத்தி, அது எப்படி ஓடிப்போய்ச் சேருதுன்னு காட்டினார். ஒரு இடத்துல தேங்குச்சு. பூசினதை அவரே கொத்திப்போட்டுத் திருப்பிப் பூசினார். நான் கேட்கல.

கான்கிரீட்டுக்கு மேல ரப்பர் ஷீட். இபிடிஎம்னு சொல்றது, 1 மில்லிமீட்டர் கனம், கறுப்பு. எங்க ஊருப் பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட் இதுல பாதி விலைக்கும் கீழ கிடைக்கும். அதைத்தான் போடலாம்னு நான் கேட்டேன். அது விறைப்பா இருக்கும், வளைவுல படியாது, கெளுத்தியோட நெஞ்சுத் துடுப்பு முள்ளு ரம்பம் மாதிரி இருக்கும்னு சொல்லிட்டார். ரப்பர் இழுவை கொடுக்கும். நாளைக்குக் கரிசல் அசைஞ்சு கான்கிரீட்டுல மயிரிழை விட்டாக்கூட ஷீட் அதுக்கு மேல நிக்கும். சிமெண்ட்டுச் சூடும் தண்ணிக்கு வராது. ஷீட் அளவு எடுக்கிறவங்களுக்கு: நீளத்தோட ரெண்டு பக்க ஆழத்தையும் கூட்டி, விளிம்புல மடிக்க ரெண்டு அடி சேர்த்துக்கணும். எங்களுக்கு 44 அடிக்கு 30 அடி, 1320 சதுர அடி. அடியில ஃபெல்ட் துணி விரிச்சு, அதுல சின்னக் கல்லு இருக்கான்னு அஞ்சு ஆளும் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலால தடவித் தடவிப் பார்த்தாங்க. அப்புறம்தான் ஷீட் இறங்குச்சு.

இப்ப என் தொழில் பக்கம் வர்றேன். ஃபில்டர் அறையும் குளமும் ஒரே தண்ணி மட்டம். அடிக்குழாய் வழியாத் தண்ணி தானாவே முதல் அறைக்கு வரும், அழுக்கு அங்க படியும். ரெண்டாவதுல பிரஷ், மூணாவதுல காத்துக் குமிழியில சுத்திக்கிட்டே இருக்கிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டு (மீடியாம்பாங்க), நாலாவதுல பம்பு. பம்பு கடைசியில இருக்கிறதால அழுக்கை அரைச்சுக் கரைக்கிறதில்ல. தண்ணியை ஒரு அடி உயரம் தூக்கினாப் போதும். அதனால வாட்ஸ் கம்மியா இருக்கிற குளத்துப் பம்பே தாங்குது. மணிக்கு 20 ஆயிரம் லிட்டர் தள்ளுறது ரெண்டு, ஒவ்வொண்ணும் 160 வாட்ஸ். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்தத் தண்ணியும் ஃபில்டரைப் பார்த்துட்டு வந்துடுது. ரெண்டும் 24 மணி நேரம் ஓடினா ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்குள்ள. அதே இடத்துல 1 எச்பி மோனோபிளாக் ஒண்ணு ஓட்டியிருந்தா 24 யூனிட் பக்கம் இழுக்கும். பம்பு ரெண்டா வாங்கச் சொன்னதும் அவர்தான். ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும். மூணு வருசத்துல ஒரு பம்புல ஒரு தடவை தண்ணியைத் தள்ளுற இம்பெல்லர் மாத்தியிருக்கேன்.

தினமும் காலையில 6 மணிக்கு முதல் அறையில நிக்கிற குழாயை நான் உருவி விடுவேன். கையில ஒரு இழுப்பு வரும், உள்ளயிருந்து ஒரு உறுமல் கேக்கும். அப்புறம் ராத்திரி பூராப் படிஞ்ச காபித்தூள் நிறத்து வண்டல் சுழிச்சுக்கிட்டு இறங்கும். ஒரு நிமிசத்துல தண்ணி தெளிஞ்சு வர்றப்ப குழாயைத் திருப்பிச் சொருகிடணும். அந்த வண்டல் தண்ணி 12 வாழைக்குப் போகுது. போன ஆவணியில வெட்டின தாரைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்துச்சு.

தண்ணி நிரப்பினதும் மீனை விட அவர் சம்மதிக்கல. ஆறு வாரம் காக்க வச்சார். மீன் கழிவுல அமோனியா வரும், அதைத் தின்னு நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா மீடியாவுல ஒட்டி வளர அவ்வளவு நாள் ஆகும். பழைய தொட்டி ஃபில்டர்ல இருந்த பஞ்சை அப்படியே பிழிஞ்சு இதுல விடச் சொன்னார். பத்துக் கெண்டைக் குஞ்சு விட்டு, நாளைக்கு ஒரு பிடி தீவனம். டெஸ்ட் கிட் வாங்கி நான் எழுதி வச்சேன். எங்க போர்த் தண்ணி பிஎச் 8.4 காட்டும். அது எவ்வளவு ஆபத்துன்னு அப்பத்தான் படிச்சேன். தண்ணி 30 டிகிரியில, பிஎச் 7 இருந்தா அமோனியாவுல நூத்துல ஒரு பங்குகூட விசமா இருக்காது. அதே தண்ணி பிஎச் 8.5 ஆனா அஞ்சுல ஒரு பங்கு விசமாயிடும். மதுரையில போர்த் தண்ணியும் வெயிலும் சேர்ந்து நமக்கு எதிரா நிக்குது. இங்க ஃபில்டர் அரைகுறையா இருக்கக் கூடாதுங்கிறதுக்கு அதுதான் காரணம்.

செவலையை மாத்தின நாள் ஜூலையில ஒரு ஞாயிறு. வலை போட வேண்டாம், முள்ளு சிக்கிக் கிழிஞ்சுடும்னு சொல்லி, என் நாலு முழ வேட்டியை நனைச்சு ரெண்டா மடிச்சு எடுத்துக்கிட்டார். தொட்டித் தண்ணியைப் பாதி இறக்கி, வேட்டியை அடியில விட்டு, அது தானா வந்து படுக்கிற வரைக்கும் இருந்து, ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு முனை. தூக்கினப்ப அது சத்தம் போட்டுச்சு. டக்கு டக்குன்னு, தொண்டைக்குள்ள கட்டையைத் தட்டின மாதிரி. இந்த மீனு பயந்தா அப்படித்தான் சத்தம் கொடுக்கும். மக ஈரக்கையை அது கண்ணுக்கு மேல மறைச்சுக்கிட்டே கூட ஓடி வந்தா. ஓரத்துல ஒரு பெரிய அண்டாவுல விட்டு, குளத்துத் தண்ணியைச் செம்பு செம்பா ஒரு மணி நேரம் ஊத்திட்டு, அப்புறம் சாய்ச்சோம். இறங்கின உடனே அடியில போய் நின்னுச்சு. ரொம்ப நேரம் அசையல. அப்புறம் ஒரு முழுச் சுத்து. எங்கயும் தட்டாம, வாலை ஒரே வீசு வீசி, முப்பது அடியும் போயிட்டு வந்துச்சு. அது நேரா நீந்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெயில் பத்திப் பயந்தவன் நான். குளிர் நாட்டுல இந்த மீனுக்கு ஹீட்டர் போட்டே காசு கரையுமாம். 20 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது. நமக்கு மார்கழியிலகூடக் குளத்துத் தண்ணி 24க்குக் கீழ போனதில்ல. சூடுதான் பிரச்சினை. 25 டிகிரித் தண்ணியில லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35 ஆனா 7க்குக் கீழ வந்துடும். அந்தச் சூட்டுலதான் மீனுக்கு மூச்சு அதிகம் வேணும். மேல 75 சதவீத நிழல்வலை கட்டியிருக்கோம். போன மே மாசம் பகல் 2 மணிக்கு வெயில்ல இருந்த பிளாஸ்டிக் தொட்டியில 38, குளத்து மேல்தண்ணி 32, அடியில 31. நிழல்வலையால பச்சைப் பாசியும் கட்டுக்குள்ள இருக்கு. பாசி பகல்ல ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவே இழுத்துக்கும். மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கிறது பெரும்பாலும் விடியற்காலம் ஏன்னா அதுதான். முதல் ஒரு மாசம் தினமும் 5 மணிக்கு எந்திரிச்சு, மீன் மேல வந்து வாயைத் திறக்குதான்னு பாருங்கன்னார். பார்த்தேன். திறக்கல. கரண்ட் போனா காத்துப் பம்புக்கு மட்டும் இன்வெர்ட்டர், 60 வாட்ஸ், 150 ஏஎச் பேட்டரி. ராத்திரி முழுக்கத் தாங்குது. இதை மட்டும் நானே போட்டேன்.

கட்டி முடிஞ்சு பேரு பரவினதும், சொந்தக்காரர் ஒருத்தர் முதலைவாய் மீனு, அதான் அலிகேட்டர் கார், ரெண்டு கொண்டு வந்து விடட்டுமான்னு கேட்டார். இன்னொருத்தர் அரபைமா வளர்க்கலாமேன்னார். கொத்தனார் அன்னைக்கு வீட்டுல இருந்தார். அரபைமா 6 அடி, 8 அடி போகும். செவுளை மட்டும் நம்பாது, பத்து இருபது நிமிசத்துக்கு ஒரு தடவை மேல வந்து காத்துக் குடிக்கும், துள்ளுச்சுன்னா இந்த வலை நிக்காது. இந்த மாதிரி மூணு குளத்தைச் சேர்த்தாத்தான் அதுக்கு இடம்னு சொல்லிட்டார். அலிகேட்டர் கார் மீனைப் பத்தி அவர் சொன்னது வேற. 2018 வெள்ளத்துல கேரளாவுல சாலக்குடி ஆத்துல இந்த ரெண்டு மீனும் பிடிபட்டுச்சு. யாரோ வளர்த்தது, கரை உடைஞ்சு ஆத்துக்குப் போனது. "நம்ம கண்மாய்ல ஏற்கெனவே ஆப்பிரிக்கக் கெளுத்தி என்ன பண்ணிக்கிட்டு இருக்குன்னு பார்க்கிறீகல்ல?"ன்னார். அந்தக் கெளுத்தியை அரசாங்கம் 2000லயே தடை பண்ணிடுச்சு, இன்னும் கண்மாய்க்குக் கண்மாய் கிடக்கு. நாட்டுக் கெளுத்தியைப் பார்க்கிறதே அபூர்வம்.

இதுல அவர் பேசினதோட நிக்கல. என் குளத்து உபரித் தண்ணி ஓடைக்குப் போனா அது கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து குண்டாறு. அதனால உபரிக் குழாய்க்கு ரெண்டு கம்பி வலை வச்சு, கருங்கல் ஜல்லி நிரப்பின உறிஞ்சு குழியில கொண்டு போய் விட்டார். அதுக்குத் தனியாக் காசு வாங்கல. பெரிய மீனு வளர்க்கிற யாரா இருந்தாலும் இந்த ஒரு வேலையை முதல்ல பாருங்க. கையெடுத்துக் கேட்டுக்கிறேன்.

குறைகளும் இருக்கு. எழுத்துல எஸ்டிமேட் கிடையாது. சிமெண்ட் மூட்டைப் பேப்பரைக் கிழிச்சு அதுலதான் கணக்கு. அந்தத் துண்டுகளை எல்லாம் நான் பத்திரமா வச்சிருந்ததால கடைசியில தகராறு வரல, வச்சுக்காதவங்களுக்குக் கஷ்டம். 45 நாள்னு சொன்ன வேலை 80 நாள் ஆச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு ஒன்பது நாள் மொத்த ஆளும் காணாமப் போயிட்டாங்க. "அழகர் மலையை விட்டு இறங்கினா எங்க ஊர்ல யாரும் கரண்டி பிடிக்க மாட்டோம் தம்பி"ன்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் அதுக்குத் தக்கன திட்டம் போட்டிருப்பேன். சாயங்காலம் 6 மணிக்கு மேல போனை எடுக்க மாட்டார்.

வேலையில ஒரு தப்பு நடந்துச்சு. மேல மிதக்கிற இலைதழையை இழுக்கிற ஸ்கிம்மரை மேற்குச் சுவர்ல வச்சுட்டார், ஃபில்டருக்குப் பக்கம்னு. ஆடியில காத்து மேற்கேயிருந்து அடிக்குது, வேப்பஞ்சருகு பூராவும் கிழக்கு ஓரத்துல போய் ஒதுங்கி ஊறிப் போச்சு. வந்து பார்த்தார், ரெண்டு நிமிசம் பேசாம நின்னார், "காத்தை நான் பார்க்கல தம்பி, என் தப்பு"ன்னார். மறு வாரம் கிழக்குச் சுவரோரமா ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தார், சாமானுக்கு மட்டும் காசு. இன்னொண்ணு, ரப்பர் ஷீட்டை வளைவுல மடிச்ச இடத்துல மடிப்புக்குள்ள வண்டல் சேருது. மாசம் ஒரு தடவை நான் இறங்கிப் பிரஷ் போடுறேன். ஷீட் போட்டா இது இருக்கத்தான் செய்யும் போல.

மொத்தச் செலவு 6 லட்சத்து 80 ஆயிரம். அதுல கான்கிரீட்டும் கம்பியும் பாதிக்குப் பக்கம், ஷீட் ஒரு லட்சத்துக்கு மேல. சின்னத் தொகை கிடையாது, கடைக்கு வாங்கணும்னு வச்சிருந்த லேத்தை ஒத்திப்போட்டுத்தான் கட்டினேன். முதல் ஆளுக்குக் கொடுத்த 85 ஆயிரம் போனது போனதுதான். மூணு வருசத்துல சுவர்ல கீறல் இல்ல, தண்ணி மட்டம் வெயில்ல ஆவியாகுறதைத் தவிரக் குறையல. வந்த மழையில சுத்தியும் கரிசல் ஊதி, வீட்டுப் படிக்கட்டு ஒரு விரல்கட்டை நகர்ந்துருக்கு. குளம் நகரல.

செவலைக்கு வாரத்துக்கு ரெண்டு தடவைதான் இரை. மத்தி, சில சமயம் மிதக்கிற தீவனம். கோழி ஈரல் கொடுக்கிறதில்ல, கொழுப்பு கட்டிடும். தரையில ஒரு கூழாங்கல்கூட கிடையாது, இது கண்டதையும் முழுங்கும். ஒருநாள் பிரஷ்ஷைத் தவற விட்டுட்டு நான் பட்ட பாடு போதும்.

கொத்தனாருக்குக் கடை இல்ல, போர்டு இல்ல. நம்பரைப் பொதுவுல போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். மேலூர்ல சிமெண்ட், கம்பி விக்கிற கடைகள்ல மீன் தொட்டி கட்டுற கொத்தனாருன்னு கேட்டா ஆள் விட்டுக் கூப்பிட்டுத் தருவாங்க. தை வரைக்கும் கையில வேலை இருக்குன்னு போன வாரம் சொன்னார். இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வராமப் போக மாட்டார். சுவர் மேல உக்காந்து டேப்பை எடுத்துத் தண்ணியோரம் நீட்டிக்கிட்டு இருப்பார். கடைசியா அளந்தது 37 அங்குலம். நீங்க கூப்பிட்டாலும் மீன் எத்தனை அங்குலம்னுதான் முதல்ல கேட்பார், அளந்து வச்சுக்கிட்டுப் பேசுங்க.